துரைக்கு ஆகாத தூசி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் துரையைப் பற்றி எழுதி வையுங்கள் என்று என் மகள் பல தடவை கேட்டுவிட்டாள்.

துரை என்றது ஒரு நாயை.

அப்போது அப்பா தென்காசியில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலைக்குப் பின்னால்தான் வீடு. பாய்லர் ஆவியும் உமித் தூசியும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அப்பாவுக்கு இழுப்பைக் கொடுத்தவையும் அவைதான். படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். சுவரில் தலையணையை முட்டுக் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்குவார். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் தூங்குவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவரிடம் லாரி ஓட்டினார். செங்கோட்டை வழியாக மலையாளத்துக்குச் சரக்கு போகும். அந்த முதலாளிக்குக் குற்றாலத்தில் ஒரு பங்களா இருந்தது. காவலுக்கு ஆள் வேண்டும், தங்க வீடும் உண்டு என்று மாமா அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார்.

“மச்சினன் புடிச்சுத் தந்த வேலையில போயி உக்காருததுக்கா நான் பாய்லர் சோலி படிச்சேன்?” என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு பங்குனி மாதத்தில் மாமா லாரியிலிருந்து துரையை இறக்கினார். மலையில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் சீமைக்குக் கப்பலேறும்போது அதை விட்டுவிட்டுப் போய்விட்டாராம். பிறகு வந்தவர்களுக்கு அது வேண்டாம். கொட்டகைக்குப் பின்னால் கட்டிப் போட்டிருந்தார்கள். முகத்து மடிப்பெல்லாம் புண். புண்ணெல்லாம் ஈ. மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. கேட்டு, அவிழ்த்து வாங்கி வந்துவிட்டார்.

புல்டாக் என்ற பெயரெல்லாம் பிற்பாடுதான் தெரியும். அப்படி ஒரு நாயை எங்கள் தெரு கண்டதில்லை. வளைந்த கால்கள், பீப்பாய் போன்ற நெஞ்சு, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். ஆலையில் மூட்டை தூக்கும் அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

“ஏலே, தொரைக்கு மூக்கு எங்கலே? கப்பல்ல வச்சு மறந்துட்டாவளா?”

தெருவே சிரித்தது. பெயரும் நிலைத்துவிட்டது.

அப்பா சிரிக்கவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து, மடிப்பை விரலால் விலக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஈரம் போக ஒற்றியெடுத்துவிட்டுத் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினார். துரை அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு குறட்டை விட்டது. அதன் பிறகு வீட்டுக்குள் அப்பாவின் இழுப்பும் துரையின் குறட்டையும் மாறி மாறிக் கேட்கும். “மில்லுல ஒரு பாய்லரு, வீட்டுல ரெண்டு” என்பாள் அம்மா.

வெயில் ஏற ஏறத் துரைக்கு மூச்சு வாங்கியது. உடம்புச் சூடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சூட்டுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான், எண்ணெய்க் குளியல். துரை ஆண்பிள்ளை ஆயிற்றே என்று சனிக்கிழமை வரை காத்திருந்தோம். மாமாவும் நானும் தலையிலிருந்து வால் வரை நல்லெண்ணெய் தேய்த்தோம். வால் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு மனிதர்களுக்குச் செய்வது போலவே, எண்ணெய் ஊறட்டும் என்று முற்றத்து வெயிலில் நிறுத்தினோம்.

சீயக்காய் கரைத்து முடிப்பதற்குள் துரையின் நாக்கு நீலம் பாரித்தது. முன்னங்கால்கள் மடிய, அது விழுந்தது. நான் அலறினேன். மாமா அதைக் கால் நீட்டிப் படுக்க வைக்கப் பார்த்தார்.

ஆலையிலிருந்து அப்பா ஓடி வந்தார்.

“படுக்க வைக்காதலே! மூச்சு முட்டுதவனப் படுக்கவா வைப்பாவ? நிமித்திப் புடி!”

நிழலுக்கு இழுத்து உட்கார வைத்தார். எண்ணெயை வழித்துவிட்டு வயிற்றிலும் பாதங்களிலும் தண்ணீர் ஊற்றினார். தன்னுடைய தலையணையையே கொண்டுவந்து அதன் தாடைக்கு முட்டுக் கொடுத்து, விசிறியை எடுத்து வீச ஆரம்பித்தார். ஓடி வந்ததில் அவருக்கும் இரைத்தது. கண்ணை மூடிக்கொண்டால் எது யாருடைய மூச்சு என்று சொல்ல முடியாது. வெகுநேரம் கழித்துத் துரை எச்சில் விழுங்கிற்று. அப்பா விசிறியைக் கீழே வைத்தார்.

உயிர் வந்ததே தவிர தீனி எடுக்கவில்லை. திங்கட்கிழமை அம்மா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, “மாட்டாஸ்பத்திரிக்குப் போயி கேட்டுட்டு வாரேன்” என்று கிளம்பினாள். துரையின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் அவள் திரும்புகிற வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் திரும்பி வந்தாள்.

“டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. இந்த நெல்லு ஆவியும் உமித் தூசியும் ஆகவே ஆகாதாம். நெஞ்சு தாங்காதாம். இங்கனயே கெடந்தா அடுத்த கோடையத் தாண்டாதாம். தூசி இல்லாத குளுந்த எடமாக் கொண்டு போனா இன்னும் ரொம்ப வருசம் இருக்கலாமாம்.”

சொல்லிக்கொண்டு வரும்போதே அழுதுவிட்டாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“ஏட்டி, நாய்க்கா அழுத?”

“நாய்க்குத்தான்.”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாமா வந்ததும், “அந்தப் பங்களா சோலி இன்னும் இருக்கா மாப்ள? எனக்கில்ல. இந்த வாயில்லாச் சீவனுக்காகக் கேக்கேன்” என்றார்.

“நாய்க்குத்தான அத்தான். வேற யாருக்கு?” என்று மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சித்திரை பிறக்கும் முன் எலுமிச்சை லாரியிலேயே குற்றாலம் போய்ச் சேர்ந்தோம். அருவியில் ஒரு முக்குப் போட்டால் எல்லாம் சரியாகும் என்று அங்கேயும் யோசனை சொன்னார்கள். “தலை கனத்த உருப்படி. தண்ணியில விட்டா கல்லு மாதிரி முங்கும்” என்று அப்பா ஒப்பவில்லை. வெயில் வருமுன் கொஞ்ச தூரம் நடக்க வைப்பார். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைப்பார். சாரலில் நனைந்து வந்தால் முகத்து மடிப்பில் ஈரம் தங்காமல் துடைப்பார். துரை தேறியது. பங்களாவுக்கு வந்த சீசன்காரர்களை உறுமியே மிரட்டியது. கடிக்கத் தெரியாது என்பது எங்களுக்கு மட்டும் தெரியும்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் வராந்தாவுக்குப் போனேன். அப்பா தரையில் மல்லாந்து, நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். தலையணை துரையின் தாடைக்கடியில் இருந்தது. அப்பா படுத்து நான் பார்த்ததே இல்லை. பயந்துபோய் அம்மாவை இழுத்து வந்தேன். அவள் கதவருகில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“சத்தம் போடாத. தூங்கட்டும்.”

முந்தானையால் எதற்கு முகத்தைத் துடைத்துக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.

துரை இன்னும் சில சீசன்கள் எங்களோடு இருந்துவிட்டு, ஒரு மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டது. பங்களாவின் பலாமரத்தடியில் புதைத்தோம். அப்பா என் கல்யாணத்தைப் பார்த்தார், என் மகளுக்கு நடை பழக்கினார். அந்த நாய்க்கு நாங்கள் செய்தது சொற்பம்.

போன வாரம் மகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்குத் தட்டியது. துரை அன்றைக்கு என்னோடு வாசலில் அல்லவா இருந்தது? நாயை வீட்டில் விட்டுவிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு யார் போவார்கள்? உள்ளே போய் அம்மாவிடம் கேட்டேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

“நான் போனது தர்மாஸ்பத்திரிக்குலே. ஒங்கப்பாவுக்குக் கேக்க” என்றாள். “மாட்டாஸ்பத்திரி எங்கன இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

குற்றாலம்,
14 ஜூன் 1998, ஞாயிற்றுக்கிழமை. வெளியே சாரல்.