நரைத்த செடி விற்கிறவள்

"ஏனுங்கம்மா, நாங் கேட்டது வேலிக்குச் செடி. நீங்க அனுப்பிருக்கறது ஆசுபத்திரிக்கு அனுப்ப வேண்டிய செடி! எலைக்கு எலை ஓரமெல்லாம் நரைச்சுப் போயிருக்குது. வண்டிய அனுப்பித் திருப்பி எடுத்துக்குங்க!"

போனில் கத்தியவர் கோயமுத்தூரில் மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பொன்னானிப் பக்கம் கடலைப் பார்த்தாற்போல் புதுவீடு கட்டியிருக்கிறார். "சார், அது நரை இல்லை, அதுதான் அழகு. படத்தைப் பார்த்துத்தானே ஆர்டர் கொடுத்தீங்க?" என்றேன். "படத்துல வெயில் பட்டு அப்படித் தெரியுதாக்கும்னு நெனைச்சனுங்க" என்கிறார். என் வாயில் வந்ததை அவர் கேட்டிருந்தால் வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே திரும்பியிருப்பார்.

வெள்ளை ஓரம் போட்ட செடியை வளர்த்து விற்கிறவளுக்கு, அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தைவிட அதற்கு நோய் இல்லை என்று சத்தியம் பண்ணுகிற நேரம்தான் அதிகம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செடியின் பெயர் சங்கங்குப்பி. கடலோரத்திலும் காயல் கரையிலும் தானாகவே மண்டிக் கிடக்கும் புதர். வருஷம் முழுக்க இலை இருக்கும். உப்புக்காற்றுக்கு அசையாது. வெட்ட வெட்ட அடர்ந்து சுவர் மாதிரி நிற்கும். அதிலே ஓரம் வெளுத்த ரகம் என்னுடையது. அதற்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. திடீரென்று ஒரு கொப்பு முழுப்பச்சையாகக் கிளம்பும். கண்டவுடன் அதை அடியோடு கிள்ளிவிட வேண்டும். விட்டால் அந்தப் பச்சை திமுதிமுவென்று வளர்ந்து வெள்ளையை அமுக்கிவிடும். பிறகு அது சாதாரணக் காட்டுச் சங்கங்குப்பிதான்.

கேரள எல்லையில் மீனாட்சிபுரத்தில் எங்களுடையது மாட்டுப்பண்ணை வீடு. தொழுவத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் நிழல்வலை கட்டி நான் செடி வளர்க்கிறேன். அந்த நிலத்தின் மேல் கொழுந்தனாருக்குக் கண். தீவனப்புல் போட வேண்டுமாம். பேசிப் பேசி, கடைசியில் என் வீட்டுக்காரர் தீர்ப்பு சொன்னார். கடற்கரை ஓட்டல் ஒன்று சுற்றுவேலிக்கு ஒரு லாரி செடி கேட்டிருக்கிறது அல்லவா, அந்த லோடு போய் அங்கேயே தங்கிவிட்டால் இடம் எனக்கு. மில் மேனேஜருடையது மாதிரித் திரும்பி வந்தால் புல்லுக்கு. நான் சரி என்பதற்குள் கொழுந்தனார் முந்திக்கொண்டார்: "புல்லு போட்டா எந்த மாடும் போன் பண்ணித் திருப்பி எடுத்துக்குங்கன்னு சொல்றதில்லீங்க, அண்ணி!"

உப்புத் தண்ணீர்

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. நாற்றிலேயே கொஞ்சம் உப்பைப் பழக்கிவிட்டால் கடற்காற்றில் கொண்டுபோய் வைத்ததும் செடி திகைக்காது என்று, தோட்டம் போடுகிற ஒருவர் சொல்லியிருந்தார். அதனால் லோடுக்கு ஒதுக்கிய செடிகளுக்கு வாரம் ஒருமுறை லேசாக உப்புக் கரைத்துத் தெளிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில் உப்புத் தண்ணீரோடு ஒவ்வொரு செடியாகச் சுற்றி வருகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மிணி. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவள், தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் கான்வென்டில் படித்தவளாயிற்றே, விஞ்ஞானம் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "உப்புச் சுத்திப் போடறது நல்லதுதானுங்க்கா, ஆனா மொளகாயும் சேத்தோணும். யாரு கண்ணுங்க, உங்க கொழுந்தனாரு கண்ணுங்களா?"

அதில் பாதி உண்மை இருந்தது. நான் அடுத்த செடிக்குத் தெளிக்கப் போனேன்.

சத்து இல்லாத செடி

பக்கத்து ஊரான பெருமாட்டியிலிருந்து ஒருவர் தோட்டத்து வேலிக்கு என்று பார்க்க வந்தார். பச்சைக்கும் வெள்ளைக்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. அடடா, ஒரு மனுஷர் கிடைத்தார் என்று நான் ஏலக்காய் போட்டு டீயே கொடுத்தேன். செடியை உயர்த்திப் பேசும்போது வாய் சும்மா இருக்காமல், "ஆடு மாடு ஒண்ணும் இதைத் தொடாதுங்க, கசப்பு" என்று சொல்லித் தொலைத்தேன். வேலிச் செடிக்கு இதைவிட நல்ல குணம் வேறு என்ன வேண்டும்?

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எங்கள் தொழுவத்துக்கே போய் ஒரு கொப்பை ஒடித்துக் கறவை மாட்டின் மூக்குக்கு நேரே நீட்டினார். அது மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வைத்தியர் கையை விரித்த மாதிரி அவர் என்னிடம் திரும்பினார்: "மாடே வேண்டாங்குதுன்னா அதுல என்னமோ இருக்குதுங்கம்மா. வாயில்லாத சீவன் பொய் சொல்லாதுங்க."

வாய் உள்ள சீவன் நான். என் பேச்சு எடுபடவில்லை. போகும்போது டீ நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குமுளியில் ஒரு தகனம்

மழை ஆரம்பிக்கிற சமயம் குமுளியில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குப் பிரசவம். துணைக்கு நான்தான் போக வேண்டியிருந்தது. சும்மா போவானேன் என்று அழகான தொட்டிகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, பஸ் மாறி மாறிக் கம்பம் வழியாக மலையேறினேன். கண்டக்டரிடம் திட்டு வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுபோன செடிகள். தங்கை வீட்டுச் சுற்றுச்சுவர் மேல் வரிசையாக வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம்.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்பினால் தொட்டிகள் காலி, தோட்டத்துக்குள் புகை. தோட்டத்து மேஸ்திரி என் செடிகளைக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தார், அதுவும் மழை ஈரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி. ஏலச்செடியில் இலை வெளுத்துக் கோடு விழுந்தால் அது கட்டே நோய். ஒன்றுக்கு வந்தால் தோட்டத்துக்கே பரவும், கண்ட இடத்திலேயே பிடுங்கி அழித்துவிடுவார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் இது ஏலச்செடியா? "கட்டே விழுந்ததத் தூக்கிட்டு பஸ் ஏறி வந்து தோட்டத்து ஓரத்துல வச்சிருக்கீகளே, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடவா?" என்று அவர்தான் என்னைச் சத்தம் போட்டார். எனக்குக் கோபம் வந்தால் கான்வென்ட் இங்கிலீஷ் தானாக வரும். இதற்குப் பெயர் வேரிகேஷன், பிறவியிலேயே இலைக்கு இரண்டு நிறம், இது நோயே கிடையாது என்று பொரிந்து தள்ளினேன். அவர் குச்சியால் என் செடியை இன்னும் கொஞ்சம் தீக்குள் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இங்கிலீசுல பேரு வச்சிட்டா நோவு இல்லன்னு ஆயிருமா தாயி?"

வைத்தியம்

பிரசவம், பத்தியம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று நாள் இழுத்துக்கொண்டே போயிற்று. நான் ஊர் திரும்பும்போது ஓட்டல் லோடு ஏற்றுகிற நேரம். ஆட்டோவை விட்டு இறங்கினால் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நிற்கிறார், முகம் முழுக்கச் சிரிப்பு. பெட்டியைக்கூட வாங்கவில்லை, கையைப் பிடித்து நேரே நிழல்வலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே ஒரே பச்சை. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. நான் இல்லாத குறை தெரியக் கூடாது என்று மனுஷர் தினமும் தொழுவத்துச் சாணிக்கரைசலும், மேலே யூரியாவும் கொடுத்திருக்கிறார். அந்த ஊட்டத்துக்கும் மழைக்கும் பச்சைக் கொப்புகள் பிய்த்துக்கொண்டு கிளம்பியிருக்கின்றன. நான் எதைக் கிள்ளுவேனோ அதை வளர்த்து, எதை வளர்ப்பேனோ அதைக் கத்தரித்திருக்கிறார். பச்சையே கிளம்பாத செடிகளைத் தேறாத கேஸ் என்று குப்பைக்குழிக்கு அனுப்பிவிட்டார். "சோகை புடிச்ச கன்னுக்குட்டிய அப்படியே விட்டுருவமா? அது மாதிரிதான் இதுவும்" என்றார். திருமணமாகி வந்ததிலிருந்து என் செடியை ஏறெடுத்துப் பார்க்காத மனுஷர், எனக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று, மழையில் நனைந்துகொண்டு செய்திருக்கிறார். திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. மிச்சம் இருந்தது மூலையில் தாய்ச்செடிப் பாத்தி ஒன்றுதான்; நான் கொப்பு எடுத்துப் பதியம் போடுகிற செடிகள். அங்கே மட்டும் வெள்ளை அப்படியே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவர் ஆறுதலாக முதுகில் தட்டினார்: "மனசு உட்டராத கண்ணு, அந்தப் பாத்தியவும் நாளைக்கு முடிச்சுக் குடுத்தர்றேன்!"

ஓட்டல்காரர்

மறுநாள் ஓட்டல் மேனேஜர் லாரியோடு வந்துவிட்டார். பொய் சொல்லி விற்க எனக்கு வராது. நடந்ததைச் சொன்னேன். "இது நீங்கள் கேட்ட செடி இல்லை, வெறும் சங்கங்குப்பி. உங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் காயல் கரையில் சும்மா வளர்ந்து கிடக்கிறது, ஆள் விட்டால் ஒரு காலையில் வெட்டிக்கொள்ளலாம். லாரியைத் திருப்பிக்கொண்டு போங்கள்" என்றேன். சொல்லும்போதே கொழுந்தனார் தொழுவத்துப் பக்கம் திரும்பி, புல் எங்கே ஆரம்பிக்கலாம் என்று பார்ப்பது தெரிந்தது.

மேனேஜர் ஒரு செடியைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். முகம் மலர்ந்தது. வெள்ளை இலையைப் பார்த்தால் விருந்தாளிகள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லையா என்று கேட்பார்களாம். முதலாளிதான் படத்தைப் பார்த்துப் பிடிவாதம் பிடித்தாராம். அத்தனையையும் ஏற்றச் சொல்லிவிட்டார். "ஐயா, இது உங்கள் ஊர்க் காட்டில் இருக்கிறது!" என்று நான் லாரிக்குக் குறுக்கே நின்று மறுபடியும் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து மலையாளத்தில் சொன்னார்: "அது காட்டுச்செடியாணு சேச்சி. இது நர்சரிச் செடியாணு!"

தீர்ப்பு

லோடு திரும்பி வரவில்லை. இன்னொரு லாரி பச்சைச் செடி வேண்டும் என்று போன்தான் வந்தது. கொழுந்தனார் பெருந்தன்மையாக வந்து நின்றார். "சொன்ன சொல்லு மாறமாட்டோமுங்க அண்ணி, எடம் உங்களுதுதான். போறது பச்சைதானுங்களே, அந்தத் தாய்ப்பாத்திய எடுத்துட்டு அதுலயும் பச்சையவே வெச்சரலாம்." என் வீட்டுக்காரர் சரி என்று தலையை ஆட்டினார், கத்தரி கையிலேயே இருந்தது.

லோடு திரும்பி வந்திருந்தால் நிலத்தைத்தான் இழந்திருப்பேன். வியாபாரம் ஜெயித்துத் தொலைத்ததால் செடியையே இழந்துகொண்டிருக்கிறேன்.

"ஏனுங்க, எடத்தை வேணும்னா புல்லுக்கே எடுத்துக்குங்க. அந்த ஒரு பாத்தியை மட்டும் வெள்ளையா இருக்க உடுங்களேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அந்தப் பாத்திக்கு ஊற்றப் புண்ணாக்கைக் கரைக்கக் குனிந்துவிட்டார். கொழுந்தனார் அடுத்த லாரிக்குச் சரி சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.