மலைக்குப் போகிறவள் தண்ணீர் குடிக்கமாட்டாள்

எங்கள் தெருவில் விடியுமுன் ஜீப் ஹாரன்தான் முதலில் கேட்கும். எங்கள் ஊரான கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக மலையேறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொள்ள வரும் ஜீப். என் அண்ணன் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தவர், கொஞ்ச நாளிலேயே அந்த ஜீப்பில் போக ஆரம்பித்தார்.

முதல் நாள் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். ஜீப்பில் இருந்த எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"ஏத்தா, மலைக்குப் போறவ இம்புட்டுத் தண்ணியா குடிப்பா? வழியில எங்கன எறங்குவ?"

எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்துக்கொண்டேதான் ஏறினார். அன்று பட்ட பாட்டை வீடு திரும்பியதும் நாத்தனாரான என்னிடம் சொன்னார். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய ஜீப் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குலுங்க, அடிவயிறு முட்டியிருக்கிறது. நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. தோட்டத்திலும் கக்கூஸ் கிடையாது. செடிகளுக்குள் ஒதுங்கினால் அட்டை ஏறும். போதாக்குறைக்கு, எங்கே போகிறாய் என்று கங்காணி எல்லோர் முன்னாலும் கேட்பான். மறுநாள் மதினி அரை டம்ளர் வரக்காப்பியோடு ஜீப் ஏறிவிட்டார்.

அந்த ஜீப்பின் சட்டமே அதுதான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர் கிடையாது. மதியச் சோறு விக்காமல் இறங்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். தாகத்தை அடக்கத் தெரிந்தவள் கெட்டிக்காரி. டிரைவருக்கு முட்டினால் மட்டும் ஜீப் தாராளமாக நிற்கும். அவன் ஏதாவது ஒரு மரத்தடியில் நின்றுவிட்டு வருவான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாகத்தான் வருகிறது.

ஏலக்காய், செடியின் அடியில் தரையை ஒட்டிக் காய்க்கும். குனிந்தும் குந்தியும்தான் பறிக்க வேண்டும். அதனால் காயெடுக்கப் போகிறவள் இடுப்பு வலிக்கிறது என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மதினிக்கு நீர்க்கடுப்பு வந்தது. சூடு என்று சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். விலாவுக்குக் கீழே முதுகு வலித்துக் குளிர்காய்ச்சல் அடித்தது. மலைக்குளிர் என்றார்கள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். மெடிக்கலில் கேட்டால் வலி மாத்திரை கொடுப்பார்கள். மதினி அதை முந்தானையில் முடிந்துகொண்டு போவார். அதை முழுங்கக்கூடத் தண்ணீர் குடிக்கமாட்டார், எச்சிலைக் கூட்டி விழுங்குவார். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

முகமும் காலும் வீங்கிய பிறகுதான் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவர்கள் மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், எவ்வளவு நாளாகக் கடுப்பு இருக்கிறது என்று கேட்டார்.

"கல்யாணமான வருசத்துலருந்து இருக்கும்மா."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அடக்கி அடக்கிக் கிருமி சிறுநீரகம் வரை ஏறி, புண்ணாகி ஆறி, மறுபடி புண்ணாகித் தழும்பு விழுந்திருக்கிறது. மிச்சத்தை வலி மாத்திரை தின்றிருக்கிறது என்றார். நன்றாகத் தண்ணீர் குடித்து, வந்தபோது அடக்காமல் போயிருந்தால், முதல் கடுப்பிலேயே வந்து காட்டியிருந்தால், இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். கடுப்போடு காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தால் அது வேலை செய்த அலுப்பு இல்லை என்பதை அன்றுதான் நான் கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் உடம்பைப் பற்றி என்னென்னவோ படித்தேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை.

சிறுநீரகம் கைவிட்டுவிட்டதால், அதன்பிறகு ரத்தம் சுத்தம் செய்ய வாரத்துக்கு இரண்டு தடவை மதுரைக்கு பஸ். இனி குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும், அளந்துதான் கொடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அளப்பது என் வேலையாயிற்று. காலையில் ஒரு சின்ன பாட்டிலை நிரப்பி வைப்பேன். அன்றைக்கு மாத்திரைக்கும் தாகத்துக்கும் அதுதான். வாய்க்காலில் முல்லையாற்றுத் தண்ணீர் கரை முட்டிப் போகிற ஊரில், மதினி ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த பாட்டிலை நீட்டும்போதெல்லாம் எனக்குக் கை கூசும்.

ஒரு நாள் விடியற்காலை ஹாரன் கேட்டதும் மதினி என்னை எழுப்பினார்.

"ஆத்தா, போயி அவுககிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. வயிறு நெறையத் தண்ணி குடிச்சிட்டு ஏறட்டும். முட்டுனா நிப்பாட்டச் சொல்லி வாயத் தொறந்து கேக்கட்டும்."

ஒரு குடம் தண்ணீரும் டம்ளருமாகப் போய் ஜீப் பக்கத்தில் நின்று சொன்னேன். மதினியின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் டம்ளரை வாங்கினார். வாங்கிவிட்டு டிரைவரைப் பார்த்தார். அவன் சாவியைத் திருகி இன்ஜினை உறுமவிட்டான். அக்கா ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கனத்தா எறங்குறது?" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். மதினி சுவரில் சாய்ந்து காத்திருந்தார்.

"குடிச்சாகளா?"

"குடிச்சாக மதினி."

மதினி குடத்தைப் பார்த்தார். கொண்டுபோன தண்ணீர் கழுத்துவரை ததும்பிக்கொண்டிருந்தது.

"அதக் கொண்டுபோயி உள்ள வையி ஆத்தா, என் கண்ணுல படாம" என்றார்.