பத்தா, சிலுவையா

சீனப் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியும், கரையில் ஒதுங்கும் பொருள் எதையும் அந்தமானின் வண்டூரில் யாரும் ஐயமின்றித் தொடுவதில்லை. கல்லூரி விடுமுறைக்கு நான் வந்திருந்தபோது அப்பா வலையோடு கொண்டுவந்த பலகை மட்டும் விதிவிலக்கு. அதில் சிவப்புச் சாயத்தில் சிலுவை இருந்தது. அம்மா அதை மாதா படத்தின் கீழே ஆணியடித்து மாட்டினார்.

பர்மாவிலிருந்து திரும்பி, அடுத்த வீட்டில் குடியேறியிருந்த அத்தை உப்பு கேட்டு வந்தவர், அதைப் பார்த்துச் சிரித்தார்.

"யக்கா, இது சீனாக்காரன் பத்து. பத்துக்கா மெழுகுவத்தி ஏத்துறீங்க?"

ஈர விரலால் பலகையின் மேல் எழுதியும் காட்டினார்: முதலில் குறுக்குக் கோடு, பிறகு நெடுக்குக் கோடு. எனக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான். சிலுவை போடும் எங்கள் கை நெற்றியிலிருந்து கீழிறங்கும், குறுக்கே தொடங்காது. அது வேறெங்கோ பழகிய கை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரங்கூன்ல சீனாக்காரன் கடைக்குத் துணி தச்சுக் குடுத்தேன்ல. பத்துப் பங்குன்னா ரொம்பன்னு அர்த்தம். பத்தும் முழுசு, பத்தும் அழகுன்னா குத்தமே இல்லாததுன்னு அர்த்தம்." அம்மாவின் முகம் வாடுவதைக் கண்டு அவசரமாகச் சேர்த்தார்: "சிலுவைக்கும் அவன் பத்து மாதிரி மரச்சட்டம்னுதான் பேரு வச்சிருக்கான், யக்கா."

பேச்சில் நாம் போதும் என்ற பொருளில் சொல்லும் 'பத்தும்', 'பற்றும்' என்பதன் திரிபு. எண்ணோடு அதற்கு உறவில்லை. இரு மொழியிலும் பத்து நிறைவாக ஒலிப்பது வெறும் தற்செயலே. ஆனால் சிலுவையின் பெயரும் அப்படியே பொருந்திவந்தது எனக்கு உறுத்தியது. அம்மாவைத் தேற்றப் புனைந்தாரோ?

அம்மா இதைக் கிணற்றடியில் சொல்லி ஆற்றாமைப்பட, அந்த வாரமே போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"யே சீனி அக்ஷர் கிஸ்னே படா?"

இந்தச் சீன எழுத்தைப் படித்துச் சொன்னது யார் என்பதே அவர் கேள்வி. அத்தை தம் வாசலில் அசையாமல் நின்றார். அவர் குடும்பத்துக்குக் குடியேற்ற நிலம் இன்னும் அளந்து கொடுக்கப்படவில்லை. சீன எழுத்து அறிந்தவர் என்று பெயர் பதிவானால், அது கிடைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எழுத்து நஹீ, சாப்," என்றார் அம்மா. "சிலுவை. யேசு கா சிலுவை."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "தும் காலேஜ்வாலி. தும் போலோ." காலேஜில் படிக்கிறவள் நானே சொல்ல வேண்டுமாம்.

சிலுவையின் சீனப் பெயரைப் பற்றி அத்தை சொன்னது மெய்யானால் நான் சொல்லப்போவதும் மெய்; அவர் புனைந்திருந்தால் என்னுடையது பொய். சோதித்தறிய வழியில்லை.

"சிலுவைதான், சாப்," என்றேன்.

போலீஸ்காரர் யார் பெயரையும் எழுதாமல், பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் அத்தை வீட்டுத் தைல டப்பியில் அதே சாயலில் சீன எழுத்துகளைக் கண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு என்னம்மா தெரியும்? தைலம்னு போட்டிருப்பான்."

டப்பியை அவர் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.