சண்டையில் சேராத கடை

மான்ட்ரியல் நகரின் லாசால் பகுதியில் ஒரு பிஸ்கட் ஆலை. அங்கே பாக்கெட்டுகளைப் பெட்டியில் அடுக்குவதுதான் அனுசூயாவுக்கு வேலை. மான்ட்ரியல் தமிழர்களில் டாக்டர் மனைவிகளிடமும் பேராசிரியர் மனைவிகளிடமும் இதை எப்படிச் சொல்வது? அந்தக் கம்பெனி ஆபீசில் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள். பாழாய்ப்போன கௌரவம்! கணவர் ஆனந்தகிருஷ்ணனின் பல்கலைக்கழக வேலை நின்றதிலிருந்து வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், கோடை முடியும் சமயம், வேலைநிறுத்தம் வந்தது. முதலாளி அசரவில்லை. வெளியாட்களை வைத்து ஆலையை ஓட்டினார். வாசலில் தொண்டை வற்றக் கத்தியும் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சரக்கில் பெரும்பகுதி ஜான்-டலோன் சந்தையில் ஒரு மளிகைக் கடைக்குப் போகிறது என்று தெரிந்ததும் யூனியன்காரர்கள் அந்தக் கடைமுன் நின்றார்கள். இந்த பிஸ்கட்டை வாங்காதீர்கள் என்று எழுதிய அட்டையோடு அனுசூயாவும் நின்றாள், முகம் தெரியாமல் ஸ்கார்ஃபை இழுத்துக் கட்டிக்கொண்டு. கடையில் பிஸ்கட் தேங்கியது. முதலாளி முதன்முறையாகப் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தார்.

கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். சண்டை உங்களுக்கும் ஆலைக்கும்தானே, அதில் சேராத கடையை ஏன் நெருக்குகிறீர்கள் என்று நீதிபதி தடை போட்டார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். ஆலை வாசலில் கத்தினால் கேட்பாரில்லை. கேட்பவர்கள் இருக்கும் இடத்தில் நிற்கவே கூடாது. பிறகு எங்கேதான் போய் முட்டிக்கொள்வது? பேச்சுவார்த்தையை முதலாளி தள்ளிப்போட்டார்.

நவராத்திரி வந்தது. டாக்டர் சந்திரமௌலியின் மனைவி ரமா கொலுவுக்கு அழைத்திருந்தாள். இன்று எல்லாவற்றையும் போட்டு உடைத்து, அந்த பிஸ்கட்டை வாங்க வேண்டாமென்று கேட்டுவிடுவது என்று தீர்மானித்துத்தான் அனுசூயா போனாள். வீட்டுக்குள் பேசுவதை எந்தக் கோர்ட் தடுக்கும்? ஆனால் பாட்டு முடிந்தது, சுண்டலும் முடிந்தது, வாய்தான் திறக்கவில்லை.

கிளம்பும்போது ரமா குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கோடு ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் வைத்து நீட்டினாள். வந்திருந்த எல்லாருக்கும் அதுதான்.

"உங்க கம்பெனிதான், அனு. முட்டை போடாத பிஸ்கட், அதோட நீங்க வேலை பாக்கற இடம். போன மாசம் போனப்ப கடை வாசல்ல யாரோ அட்டையும் கையுமா நின்னுண்டிருந்தா. பயந்துண்டு திரும்பிட்டேன். இப்ப ஒருத்தரும் இல்ல. பெட்டியோட வாங்கிண்டு வந்துட்டேன்."

தாம்பூலத்தை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அனுசூயா முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற பெண்மணி அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ரமாவுக்குச் சரியாக வழி சொல்ல வரவில்லை. அனுசூயாதான் சொன்னாள்.