கருவி இறங்காத இடம்

யுகாத்தானில் அந்த வட்டாரத்து மிளகாய்க்காரர்களுக்கு எர்மிலா துசுல் சொல்வதுதான் வாக்கு. துளைக்கருவியை இறக்கி மண்ணை எடுத்துச் சோதித்து, பூச்சிமருந்து கிணற்றுக்கு இறங்க எத்தனை காலமாகும் என்று கணிப்பது அவள் உத்தியோகம். அக்கா புருஷன் கவுதென்சியோவிடமும் அடித்துச் சொல்லியிருந்தாள்: "செம்மண்ணு மருந்தைக் கெட்டியா பிடிச்சுக்கும் மாமா. பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் கவலையில்ல." அவர் தோட்டத்துக் கிணற்றுச் சுவரில் 'குடிக்கலாம்' என்று நீலச்சாயத்தில் எழுதியதும் அவளேதான்.

அன்று அந்தக் கிணற்றில் இறைத்து அக்கா கலக்கிக் கொடுத்த எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே தோட்டத்துக்குள் போனவள் திடுக்கிட்டு நின்றாள். மருந்தடித்த டேங்கைக் கழுவி, கிணற்றடி மொட்டைப் பாறையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார் கவுதென்சியோ. வெள்ளை நுரை ஒரு வெடிப்புக்குள் மடமடவென்று இறங்கியது.

"ஐயோ மாமா, என்ன பண்றீங்க!"

"செடிப்பக்கம் ஊத்தினா கருகிடும்ல? பாறையில என்ன முளைக்கப்போகுது! ஊரே இப்படித்தான் ஊத்துது."

"இங்க நான் மண்ணு எடுத்தேனா?"

"எங்க எடுத்த? கருவி இறங்கலன்னு பாறைப் பக்கமே வரலையே. ஆபீசரம்மாவுக்குக் கை நோகும்ல!"

எர்மிலா டேங்கைப் பிடுங்கி நிமிர்த்தினாள். இந்தத் தோட்டத்தில் மட்டுமா? பாதி மண்ணும் பாதி பாறையுமாய்க் கிடந்த எல்லாத் தோட்டங்களிலும், கருவி சுலபமாக இறங்கிய செம்மண்ணை மட்டுமே அள்ளிவந்து கணக்குப் போட்டிருக்கிறாள்.

ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப்பார்த்தாள். தண்ணீரில் வெள்ளை நுரை சுற்றிக்கொண்டிருந்தது.

வாசலிலிருந்து அக்கா கத்தினாள்: "இன்னொரு டம்ளர் ஊத்தவாடி?"