"கழட்டட்டுமா?" என்று கேட்டாள்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் மாதர் சங்கத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். விருதுநகரில் ஒரு மகளிர் தினக் கூட்டத்தில், "தாலி நம்மளக் கட்டிப்போடுற கயிறு" என்று மைக்கில் முழங்கினேன். கைதட்டல் அடங்க நேரமானது. என் கழுத்திலும் தாலி கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பெண்கள் போகும் பட்டாசுக் கம்பெனியில், மருந்து செலுத்தும் அறை ஆண்களுக்கு மட்டும்தான். அங்கே ஆபத்தும் அதிகம், கூலியும் அதிகம். பெண்களுக்குச் சரம் பின்னுகிற வேலை. எங்களுக்கும் அந்த அறை வேண்டும் என்று ஆறு மாதம் மல்லுக்கட்டினோம். ஒருவழியாகப் போர்மேன் இறங்கிவந்தார். முதலில் பெயர் கொடுத்தவள் எங்கள் தெருக்காரி. ஒன்பதாவது படிக்கும் மகளை வேலைக்கு அனுப்பாமல் படிக்கவைக்க அவளுக்கு அந்தக் கூலி வேண்டியிருந்தது.

அன்று காலையில் நானும் கூடப் போனேன், ஜெயித்த பெருமையோடு. வாசலில் போர்மேன் சொன்னார்: "உள்ள உலோகம் எதுவும் ஆகாதும்மா, உரசுனா பொறி பறக்கும். ஆம்பளைக தாயத்தக்கூட கழட்டி வச்சிட்டுத்தான் போறாக."

மெட்டி, கொலுசு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி என் கையில் தந்தாள். தாலியைப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, கழட்டட்டுமா?"

மைக்கில் முழங்கிய அதே வாய்தான். "எதுக்கும் ஒரு வார்த்தை ஒங்க வீட்டுக்காரரக் கேட்டுட்டு வாயேன், தாயி" என்றேன்.

போய்க் கேட்டாள். அவர் கூடாது என்றார். மாமியார், மகன் உயிரோடிருக்கும்போதே தாலியைக் கழற்றப் பார்க்கிறாள் என்று தெருவையே கூட்டினாள். அந்த வேலை பழையபடி ஓர் ஆணுக்கே போனது. அடுத்த சீசனில் மகளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த அறையில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேனா, அல்லது அந்தக் காரணத்தைப் பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா? எத்தனையோ தடவை யோசித்தும் பிடிபடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கல்லடி பெண்ணே என்பது எனக்காகவே சொன்னது போலிருக்கிறது. உங்கள் போராட்டம் எல்லாம் இந்தக் காலத்துக்கும் வேண்டுமா என்று சின்னப் பெண்கள் கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும் என்கிறேன். சொல்லும்போதே வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் இருக்கன்குடிக்குப் போகும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெகுநாளாக மென்று விழுங்கியதைக் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு நான் சொன்னதுல எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லக்கா" என்றாள். "அவரக் கேக்குறதா இருந்தா, நான் ஒங்கள எதுக்குக் கேட்டேன்?"