குனிந்தவரைக் கடித்த குட்டி

பிள்ளைகளே, எங்கள் குட்டி பெரிய மாமாவின் கையைக் கடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் மேசைக்குக் கீழே போய் ஒளித்தீர்கள். நாய்க்குப் பயந்து ஒளித்தீர்கள் என்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு உண்மை தெரியும். அப்போது என் கையில் பனங்கருக்குமட்டை இருந்தது. எனக்குப் பயந்துதான் ஒளித்தீர்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோர்வையாக எழுத வராது. ஆனால் இதை வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் எனக்குக் கோபம் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும். அதனால் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குட்டியைக் கெடுத்தவன் நான்.

எங்கள் முற்றம் உங்களுக்குத் தெரியும். கரையில் ஓடாமல் நிற்கிற வள்ளங்களின் இஞ்சின்கள் எல்லாம், நான் திருத்துவதற்கு, ஆட்களின் தோளில் ஏறி இங்கேதான் வரும். சிலாவத்துறையில் இருந்துகூட ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். திருத்தி முடியும்வரை அவை தகரக் கொட்டிலில் கிடக்கும். ஒரு தடவை ஒன்று களவு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு நாய் வேண்டும் என்று நினைத்தேன். அடம்பனில் வயல் செய்கிற ஒருவருக்குத் தண்ணீர் பம்பு திருத்தப் போன இடத்தில் குட்டி கிடைத்தது. மகளே, பஸ்ஸில் அதை நீதான் மடியில் வைத்திருந்தாய். வழியில் உன் சட்டையில் மூத்திரம் பெய்தது. அப்போதும் நீ அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

நீங்கள் அதைச் செல்லமாக வளர்த்தீர்கள். யார் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு போய்க் காலை நக்கியது. இஞ்சின் கொண்டு வந்தவர்கள் சிரித்தார்கள்.

"அண்ணை, கள்ளன் வந்தா உங்கட நாய் முன்னுக்கு நடந்து போய்க் கொட்டிலைக் காட்டிக் குடுக்கும் போல."

எனக்கு ரோசம் வந்துவிட்டது.

நாய் குரைத்தால் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. குனிவோம். இந்தத் தீவில் மணல்தான், ஒரு கல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் குனிந்து கையை நிலத்தில் வைப்போம், நாய் ஓடும். நான் அதையே பாடமாக எடுத்தேன். குட்டியைப் பூவரசில் கட்டிவிட்டு, வருகிறவர்களிடம் சொன்னேன். "ஒருக்காக் குனிஞ்சு எறியிற மாதிரிக் காட்டு. கொஞ்சம் ரோசம் வரட்டும்." சிலர் எறிகிற மாதிரிக் காட்டினார்கள். சிலர் சிப்பி, பழைய நட்டு என்று கைக்கு அகப்பட்டதை எறிந்தே விட்டார்கள். கட்டியிருந்த குட்டிக்கு ஓட இடமில்லை. முதல் கிழமை அழுதது. பிறகு பல்லைக் காட்டியது. பிறகு, குனிந்தவனைப் பார்த்துக் கயிறு அறுகிற மாதிரிப் பாய்ந்தது. பாய்ந்த நேரமெல்லாம் நான் பொரித்த மீனில் ஒரு துண்டு போட்டுத் தலையைத் தடவினேன். நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அம்மாவுக்கும் நான் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரிய மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் மூத்த அண்ணன் வந்தால் உங்களுக்கு எப்போதும் சந்தோஷம்தான். வெள்ளைச் சேட்டு, கையில் வாழைப்பழச் சீப்பு. குட்டி விறாந்தையில் கட்டு அவிழ்ந்து கிடந்தது. அவரைக் கண்டதும் வாலைக்கூட ஆட்டியது. அவர் படியில் நின்று, செருப்பின் வாரைக் கழற்றக் குனிந்தார்.

பெருவிரலுக்குப் பக்கத்துச் சதையில் பல் இறங்கியது. அவர் கையை உதறினார். குட்டி விடவில்லை, கையோடு தொங்கி ஆடியது. வெள்ளைச் சேட்டில் ரத்தம் தெறித்தது. மற்றக் கையால் அதன் மூக்கில் குத்தினார். அதற்கும் விடவில்லை. தூணில் ஓங்கி அடித்தார். அப்போதுதான் பிடி விட்டது.

"அடிச்சுக் கொல்லு மச்சான்! என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

வேலியோரம் கிடந்த கருக்குமட்டையை எடுத்தேன். பனைமட்டையின் இரண்டு கரையும் வாள் மாதிரி. அடிக்கு அடி மயிரும் தோலும் சேர்ந்து வந்தன. குட்டி ஓடியிருக்கலாம், வேலிப் படலை திறந்துதான் கிடந்தது. அது ஓடவில்லை. வயிறு மணலில் தேய, ஊர்ந்து ஊர்ந்து என் காலடிக்கு வந்தது. வர வர நான் அடித்தேன்.

மகனே, அப்போது நீ கத்தினாய். "அப்பா, அது உங்களிட்டத்தான் வருது! உங்களிட்டத்தான் வருது!"

நான் திரும்பினேன். மட்டை உன் பக்கம் ஓங்கியபடி இருந்தது. உன்மேல் படவில்லை என்று பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஓங்கியது ஓங்கியதுதான். அம்மா ஓடிவந்து மட்டையைப் பறித்தார். அவருடைய உள்ளங்கையும் கிழிந்தது.

"விசரே உங்களுக்கு? பிள்ளையப்பா அது!"

மாமாவை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். காயத்தைக் கழுவிய தாதி கேட்டார், "நாய் உயிரோட இருக்கோ?"

"இப்ப போய் முடிக்கிறம், மிஸ்," என்றார் மாமா.

"ஐயோ, கொல்லாதேங்கோ. விசர் இருக்கோ எண்டு கட்டி வைச்சு ரெண்டு கிழமை பாருங்கோ. அதுக்குள்ள அது செத்தா உடனே வந்து சொல்லோணும். ஊசியளை நீங்கள் விடாமப் போடுங்கோ."

திரும்பி வரும்போது மாமா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "அப்ப அதுக்கு ரெண்டு கிழமை. பிறகு நானே வந்து முடிக்கிறன். உனக்குக் கை நடுங்கும்." நான் "ஓம் மச்சான்" என்றேன். உங்களுக்கு இந்தப் பேச்சு தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து சுவரில் தொங்கிய கலண்டரை நீங்கள் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம், பூவரசில் கட்டியிருந்த குட்டிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். அதன் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நான் நின்றபோது வாலின் நுனி அசைந்தது. கோப்பையை வைக்கக் குனிந்தேன். குட்டி பல்லைக் காட்டிக்கொண்டே மூத்திரம் பெய்தது. நிமிர்ந்தேன், வால் அசைந்தது. மறுபடி குனிந்தேன், மறுபடி பல்.

அப்போதுதான் மாமாவின் செருப்பு நினைவுக்கு வந்தது. இஞ்சின் கொண்டு வருகிறவர்கள் றப்பர் செருப்பை நின்றபடியே உதறிவிடுவார்கள். கோயிலுக்குப் போட்டுப்போகிற வார்ச் செருப்புக்குத்தான் குனிய வேண்டும். மாமா மரியாதைக்குக் குனிந்தார். நான் பழக்கியதைக் குட்டி சரியாகச் செய்தது. சரியாகச் செய்ததற்குத்தான் நான் அதை அடித்தேன்.

அடுத்த நாளே அதை மாற்றிப் பழக்கத் தொடங்கினேன். கரையில் ஒரு பை சூடை மீன் வாங்கி வந்து, வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுத்தேன். "கயிறு எட்டாத இடத்தில நில்லுங்கோ. மெல்லக் குனிஞ்சு மீனை வையுங்கோ. அதின்ர முகத்தைப் பாக்காதேங்கோ. எழும்பிப் பேசாமப் போங்கோ."

"என்ன அண்ணை, இஞ்சின் திருத்தோணுமெண்டா முதல்ல உங்கட நாயைக் கும்பிடோணுமோ?"

"கோயிலுக்குள்ளயும் நான் இப்பிடிக் குனிஞ்சதில்லை. சுவாமி பாத்தாக் கோவிக்கப் போறார்."

சிரித்தாலும் செய்தார்கள். முதல் இரண்டு நாள் மீனைக் காகம்தான் தின்றது. பிறகு ஆள் போன பின் குட்டி தின்றது. பிறகு ஆள் நிற்கும்போதே தின்றது. ஒருவன் மட்டும் பகிடிக்கு, குனிந்தபடியே காலால் நிலத்தை ஓங்கி உதைத்து "ஏய்!" என்றான். குட்டி பூவரசைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கயிறு கழுத்தில் இறுகி விழுந்தது. நான் அவனுடைய சேட்டைப் பிடித்துப் படலைக்கு வெளியே தள்ளினேன். பாதி கழற்றிய இஞ்சினையும் அவன் பின்னாலே மணலில் போட்டேன். கயிற்றை அவிழ்த்தவள் நீ, மகளே. அதுவரை கண்ட முன்னேற்றம் எல்லாம் இரண்டு நாளுக்குப் பின்னுக்குப் போனது. நீதான் குட்டிக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் பள்ளிக்கூடப் பாடம் வாசித்தாய். அது மெல்ல வந்து உன் முதுகில் சாய்ந்தது. உன்னைப் பார்த்து நானும் அப்படி இருக்கப் பழகினேன்.

கடைசி நாட்களில் யாராவது குனிந்தால் அது வாலை ஆட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தது. நீங்கள் கை தட்டினீர்கள். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை முடிந்த அன்று மாமா கடலில் இருந்து நேரே வந்தார். வெறுங்கால், கையில் ஈரக் கட்டு. படலையைத் திறந்தபடியே சொன்னார், "நாள் முடிஞ்சுது."

"மச்சான், அது இப்ப முந்தின குட்டி இல்லை. நீங்களே ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோ. ஒண்டும் செய்யாது."

குனியச் சொன்னவன் நான். அவர் என்னைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், குனிந்தார். குட்டி மீன் கிடைக்கும் என்று கயிறு எட்டும் மட்டும் வந்து, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அவர் நிமிர்ந்தபோது, நிலத்தில் கிடந்த தகரத்துக்குப் பாரம் வைத்திருந்த செங்கல் துண்டு அவர் கையில் இருந்தது. ஓர் ஆள் நீளத் தூரத்தில் இருந்து எறிந்தார்.

தாடையில் பட்ட சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். இரண்டு பல் மணலில் விழுந்தது. குட்டி கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. படுத்துக்கொண்டு, வாயால் ரத்தம் ஒழுக, அப்போதும் அவர் கையைத்தான் பார்த்தது.

அவர் மறுபடி துண்டை எடுத்தார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். கட்டுப்போட்ட கையாலேயே என் வாயில் குத்தினார். அவருடைய காயமும் திறந்தது, என் உதடும் வெடித்தது. நான் தள்ளிய தள்ளில் அவர் முதுகு முள்ளுக்கம்பியில் போய் அடித்தது, சேட்டு கிழிந்தது. அம்மா நடுவில் வந்து விழுந்தார்.

"ஒரு நாய்க்காக என்ர அண்ணாவை அடிக்கிறீங்களோ!"

"அதைக் கடிக்கப் பழக்கினவன் நான்!" என்று கத்தினேன். "ஆக்களைக் குனியச் சொல்லி, எறியச் சொல்லி, நான்தான் பழக்கினனான். கல்லெறியிறதெண்டா எனக்கு எறியுங்கோ, மச்சான்!"

நான் கத்தியது உங்களுக்கு விளங்கியதோ தெரியாது. நீங்கள் குட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தீர்கள், இரண்டு பேரும். மாமா உங்களைப் பார்த்தார். கையில் இருந்த துண்டை என் நெஞ்சுக்கு ஓங்கினார். பிறகு அதை அப்படியே கீழே விட்டார்.

"அப்ப என்ர கையைக் கடிச்சது நீ," என்றார். "நாய் கிடக்கட்டும். இனி உன்ர படலையை நான் திறக்க மாட்டன்."

அவர் வரவில்லை. அம்மா பூசைக்குப் பிறகு அவர் வீட்டுக்குத் தனியாகப் போய் வருகிறார். குட்டி கஞ்சியை ஒரு பக்க வாயால் நக்கிக் குடிக்கிறது. நான் யாரையும் இனி அதற்கு முன்னால் குனியச் சொல்வதில்லை, மீன் கொடுத்தும் இல்லை. வருகிறவர்கள் படலையில் நின்று கூப்பிட வேண்டும். நான் போய்க் கூட்டிவருவேன். குட்டிக்கு விருப்பம் என்றால் வரும், இல்லாவிட்டால் குசினிக்குப் பின்னால் போய்ப் படுக்கும். அதைத் துரத்தவும் கூடாது, இழுத்துவரவும் கூடாது. அமைதியாக இருக்க அதைப் பழக்கினேன். ஆட்களைப் பழக்க மறந்துவிட்டேன். அந்த ஆட்களில் முதல் ஆள் நான்.

மகனே, உன் பக்கம் மட்டையை ஓங்கியதற்கு நான் உன்னிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதில் கேட்கிறேன்.

கடந்த திங்கட்கிழமை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் கரைக்குப் போனேன். காலையில் மாமாவின் வள்ளம் வந்து ஏறும்போது அதன் இஞ்சின் இருமிக்கொண்டு வந்ததைக் கேட்டிருந்தேன். ஒரு பிளக் நெருப்பு அடிக்கவில்லை. அதை அவர் இனி என்னிடம் கொண்டுவர மாட்டார். வெயில் ஏறியிருந்தது, கரையில் ஆளில்லை. இஞ்சினை மூடியிருந்த சாக்கை விலக்கி, மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்து ஈரமாக இருந்தது. அரத்தாளால் தேய்த்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்து, புரி பிடிக்கும்வரை கையாலேயே திருகி, பிறகு ஸ்பனரால் இறுக்கினேன். மூடியைப் பூட்டி, சாக்கை முன்பு கிடந்த மாதிரியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.